பொய்க் கூரை

கட்டட வேலைக்காரர்களின் பேச்சில் ‘ஃபால்ஸ் சீலிங்’ என்று ஒன்று அடிக்கடி அடிபடுகிறது. மேலே உண்மையான கூரை ஒன்று இருக்கும். அதற்கு ஒரு முழமோ இரண்டு முழமோ கீழே இன்னொரு கூரையைத் தொங்கவிடுவார்கள். பொய்க் கூரை. தன் பெயரிலேயே ‘நான் பொய்’ என்று ஒப்புக்கொண்டுவிடுகிற பொருள் வேறு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். பொய்க்கால் குதிரையைத் தவிர வேறொன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இந்தப் பொய்க் கூரை பழைய கட்டடங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஆலையாகவோ மாதா கோயிலாகவோ சர்க்கார் கச்சேரியாகவோ நூறு, இருநூறு வருஷம் உழைத்து ஓய்ந்த கட்டடத்தைப் புதுப்பித்துச் சங்கீத மண்டபமாகவோ கூட்ட மண்டபமாகவோ ஆக்குகிறார்கள். கல்லும் சுண்ணாம்புமாக உயர்ந்து நிற்கிற அந்த இடத்தில் ஒருவர் பேசினால், முதல் வார்த்தை அடங்குவதற்குள் மூன்றாம் வார்த்தை வந்து அதன் தலையில் ஏறிக்கொள்கிறது. ஆகவே மரப்பட்டிகளை இடுக்கு விட்டு வரிசையாகப் பொருத்தி, அதன் முதுகில் கறுப்புத் துணியும், துணிக்கு மேலே பாறையை உருக்கி நூற்ற பஞ்சும் வைத்து ஒரு கூரை செய்கிறார்கள். ஓசை இடுக்கு வழியாக நுழைந்து பஞ்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. கீழே இருக்கிற ஜனங்கள் அண்ணாந்து பார்த்து, “என்ன இருந்தாலும் மரம் மரந்தான்!” என்கிறார்கள். உழைப்பது பஞ்சு, பேர் வாங்குவது மரம். இது நம் குடும்பங்களில் நடக்காத அநியாயம் அல்ல.

எனக்குத் தெரிந்த இன்ஜினீயர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “கச்சேரி காதில் சுத்தமாக விழுகிறதா இல்லையா? விழுந்தால் சரி. இதிலே பொய் எங்கே ஸார் வந்தது?” என்றார்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பொய்யின் மேல் விரோதம் இருக்க முடியாது. ஆனால் கதை படிக்கிறவர் அது கதை என்று தெரிந்துதான் புத்தகத்தைப் பிரிக்கிறார். பழைய கட்டடத்துக்குள் வருகிறவர் அப்படி வருவதில்லை. அந்தச் சுவர்களைச் சாட்சியாக நினைத்து வருகிறார். ‘இப்படித்தான் இருந்தது’ என்று அது சொன்னால் நம்பிவிடுகிறார். சாட்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கூண்டில் ஏற்றலாமா என்பதுதான் என் கேள்வி.

மரத்தைப் பற்றி நமக்கு ஒரு மயக்கமும் இருக்கிறது. வீணைக்குப் பலாமரம் என்று கேட்டுக் கேட்டு, மரம் இருந்தால் நாதம் தானாக வரும் என்று நினைக்கிறோம். மண்டபம் வீணை அல்ல. மெல்லிய பலகையைப் பின்னால் வெற்றிடம் விட்டு அடித்தால் அது தாழ்ந்த ஸ்தாயியை விழுங்கிவிடும். கனத்த பலகையானால் ஓசையைத் திருப்பி அனுப்பும். இடுக்கு விட்டுப் பஞ்சு வைத்தால் ஓசையை அடக்கும். மூன்றும் கண்ணுக்கு ஒரே மரம். காதுக்கு மூன்று வேறு பொருள்கள்.

இங்கிலாந்தில் ஸஃபோக் ஜில்லாவில் ஸ்னேப் என்று ஒரு கிராமம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூஸன் காரெட் என்ற வியாபாரி அங்கே பார்லியை முளைகட்டி உலர்த்தும் ஆலைகளைக் கட்டினார். (பிரிட்டனில் டாக்டர் பட்டயம் பெற்ற முதல் பெண்களில் ஒருவரான எலிஸபெத் காரெட் ஆண்டர்ஸன் இவர் மகள். வாக்குரிமைக்குப் போராடிய மில்லிஸென்ட் ஃபாஸெட்டும் இவர் மகளே. நல்ல முளைதான்!) 1965-இல் ஆலை நின்றது. சங்கீத மேதை பெஞ்சமின் பிரிட்டன் தம் ஆல்ட்பரோ விழாவுக்கு அதில் ஒரு கட்டடத்தை மண்டபமாக்க விரும்பினார். ஆரப் நிறுவனத்தைச் சேர்ந்த டெரெக் ஸக்டன் அந்த வேலையைச் செய்தார். செங்கல் சுவருக்குப் பூச்சு இல்லை. மேலே புதிய மரக்கூரை. சட்டமும் பலகையும் இரும்புக் கம்பியும் கண்ணுக்குத் தெரிய அப்படியே நின்றன. தொங்கல் கூரை கிடையாது. எந்த மரம் கண்ணுக்குத் தெரிந்ததோ அதே மரம் காதுக்கும் வேலை செய்தது.

1967 ஜூனில் எலிஸபெத் மகாராணி வந்து திறந்து வைத்தார். இரண்டே வருஷம். 1969 ஜூன் 7-ஆம் தேதி, அந்த ஆண்டு விழாவின் முதல் இரவில், தீப்பிடித்துக் கூரை முழுவதும் போயிற்று. மறு வருஷ விழாவுக்குள் முன்பு இருந்தபடியே கட்டி முடித்தார்கள். மகாராணியும் மறுபடி வந்தார். எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. எரிந்துபோன கூரை ஒன்றும் பழமையானது அல்ல, இரண்டு வயதுக் கூரை. ஆனாலும் ‘இருந்தபடியே வேண்டும்’ என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. வயதுக்காக அல்ல, அதன் கீழே கேட்ட ஓசைக்காக என்றுதான் நான் நினைக்கிறேன்.

வெனிஸ் நகரத்து லா ஃபெனீச்சே நாடக அரங்கின் கதை இன்னும் சிக்கலானது. 1996 ஜனவரி 29-இல் அது எரிந்தது. அங்கே வேலை செய்த மின்சாரத் தொழிலாளர் இருவர் வேண்டுமென்றே வைத்த தீ என்று பின்னால் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. எப்படி இருந்ததோ அப்படியே, எங்கே இருந்ததோ அங்கேயே கட்டுவது என்று ஊரார் தீர்மானித்து, 2003 டிசம்பரில் திறந்தார்கள். தீக்கு இரண்டு மாதம் முன்புதான் ஓர் ஆராய்ச்சியாளர் அந்த அரங்கின் ஓசையை அளந்து பதிவு செய்திருந்தார். கட்டடத்தின் படமும் சித்திரமும் எத்தனையோ பேரிடம் இருக்கும். அதன் ஓசையை எழுதி வைப்பவர் எத்தனை பேர்?

பழைய கட்டடத்தில் புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைய வேண்டும், ஆனால் புதிது என்று அடையாளமும் தெரிய வேண்டும் என்று 1964-இல் நிபுணர்கள் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள். எழுதிய இடம் இதே வெனிஸ். ஆனாலும் ஃபெனீச்சேயைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது புதிது என்று ஊருக்கே தெரியும். தெரிந்து பார்க்கிற பொய் கதையின் ஜாதி. தெரிந்தவர்கள் எல்லோரும் போன பிறகு வருகிற பேரப்பிள்ளையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவனிடம் யார் சொல்லப் போகிறார்கள்?

மரப்பட்டிக் கூரைக்கு வருகிறேன். கீழே இருக்கிறவர்களை அது ஏமாற்றுவது சொற்பம். பஞ்சு வேலை செய்வது தெரியாமல் போனால் யார் குடியும் முழுகாது. ஆனால் மேலே ஒன்று இருக்கிறதே! யாரோ ஒரு கொத்தன் சாரத்தில் மல்லாந்து கிடந்து பூசிய வளைவு, யாரோ ஒரு தச்சன் இழைத்த உத்தரம். அதன் மேல்தான் துளை போட்டுப் புதுக் கூரையைத் தொங்கவிடுகிறார்கள். அவர்கள் வந்து ஆட்சேபிக்கப் போவதில்லை என்பதனாலேயே நமக்குக் கடமை கூடுகிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் தொங்கவிடட்டும், வேண்டாம் என்றால். பழைய வளைவில் ஒரு கீறலும் இல்லாமல் கழற்றி எடுக்கும்படி தொங்கவிடட்டும். ஒரு மூலையில் ஆள் நுழையும் அளவுக்குச் சிறு கதவு ஒன்று வைக்கட்டும். வாசலில் மாட்டுகிற பலகையில், யார் திறந்து வைத்தார் என்பதற்குக் கீழே, மேலே என்ன இருக்கிறது என்றும் இரண்டு வரி எழுதட்டும். விசாரித்துக்கொண்டு வருகிறவனுக்குக் காவல்காரர் ஓர் ஏணி கொடுத்தால் போதும்.