ஒரு ரூபாயும் ஒப்புதலும்

1982. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் அரங்குகளும் மேம்பாலங்களும் எழுந்துகொண்டிருந்தன. தொழிலாளியின் குறைந்தபட்ச நாள்கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் கூட்டிவந்த ஜமாதார் அதில் ஒரு ரூபாயைத் தரகாகப் பிடித்துக்கொண்டார்.

சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தார்கள்?

கேள்வி பழையது. 1891-இல் போப் பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் இதற்கு முகம் கொடுத்தார். இரு தரப்பும் தாராளமாகப் பேசி ஒப்பந்தம் செய்யட்டும். ஆனால், சிக்கனமாக வாழும் உழைப்பாளிக்கே பிழைக்கப் போதாத கூலி நீதியாகாது என்றார். வேறு வழியின்றி அதற்கு இணங்குபவர் பலவந்தத்துக்கு ஆளானவர் என்பது அவர் வாதம். துணி வியாபாரி விலை படியாவிட்டால் சரக்கை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்றைய உழைப்பை நாளைக்கு எடுத்துவைக்க முடியுமா?

டெல்லித் தொழிலாளர்களின் கூலியில் பிடித்த அந்த ஒரு ரூபாய் வழக்கானபோது உச்ச நீதிமன்றமும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது, வேறு பாதையில். அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. கட்டாயம் என்றால் சாட்டை மட்டுமல்ல, பசியும்தான் என்றார் நீதிபதி பி.என். பகவதி. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வாங்கப்படும் வேலை கட்டாய உழைப்பே.

ஆள் வைத்தவர் ஒப்பந்தக்காரர்தான் என்று அரசு ஒதுங்கிக்கொள்ளவும் நீதிமன்றம் விடவில்லை.