பயணமும் பற்றின்மையும்

பயணத்துக்கான ஆயத்தம் உலகியல் காரியமாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ரயில் சீட்டு, தங்குமிடம், கம்பளி ஆடை, கைச்செலவுக்குப் பணம் ஆகியவற்றில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் மனிதன் தன் மனத்தை மறைக்காமல் எழுதிவைக்கும் ஏடுகளுள் பயணத் திட்டமும் ஒன்று. எதைக் காண விரும்புகிறான், எவ்வளவு விரைவாகக் காண விரும்புகிறான், அதற்காக யாரை எவ்வளவு வருத்தச் சம்மதிக்கிறான் என்பவையெல்லாம் அதில் வரி வரியாகத் தெரியும்.

இமயத்தின் அழகைக் காணப் புறப்படுவோர் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கோயிலுக்குச் செல்பவனுக்கு விரதம் உண்டு, நியமம் உண்டு, சன்னிதியில் காத்திருக்கும் பழக்கமும் உண்டு. மலையழகைக் காணச் செல்பவனுக்கு அத்தகைய நியமம் எதையும் யாரும் விதிக்கவில்லை. பணமும் விடுமுறையும் இருந்தால் போதும் என்று அவன் எண்ணுகிறான். அழகைக் காண்பது மனிதனின் உரிமையா, அவனுக்கு வாய்க்கும் பேறா? இக்கேள்விக்கு அவன் வைத்திருக்கும் விடையைப் பொறுத்தே அவனுடைய பயணமும் அமைகிறது.

ஆறு நாள் திட்டம்

உத்தராகண்டின் குமாவுன் மலைப்பகுதிக்குச் செல்லத் திட்டமிடும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். மலையடிவாரத்தில் ரயில் பாதை முடியும் காத்கோதாமில் இறங்க வேண்டும். அங்கிருந்து நைனிதால், முக்தேஷ்வர், அல்மோரா, பின்சர், கௌசானி, முன்சியாரி ஆகியவற்றை ஆறு நாட்களில் பார்த்துத் திரும்ப வேண்டும். வரைபடத்தில் இந்த ஊர்கள் அடுத்தடுத்தே தோன்றும். கௌசானியிலிருந்து முன்சியாரி 170 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. சமவெளியில் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய தூரம். மலையில் அதற்கு ஒரு பகல் முழுவதும் தேவைப்படும். வளைந்து வளைந்து இறங்கி, ஆற்றைக் கடந்து, மீண்டும் ஏறுவதுதான் அங்கே சாலை.

திட்டம் எழுதியவர் இதை அறியாதவர் அல்லர். 'விடியற்காலையில் கிளம்பினால் இருட்டியாவது சேர்ந்துவிடலாம்' என்று அவர் கணக்கிட்டிருக்கிறார். அந்தக் கணக்கின் சுமையைத் தாங்கப் போகிறவர் ஜீப்பின் ஓட்டுநர். பின்னிருக்கையில் இருப்பவர்கள் உறங்கலாம். அவர் உறங்க முடியாது. மழையில் கல் உருளும் திருப்பத்தில் 'இன்று இங்கேயே நின்றுவிடலாம்' என்று அவர் சொன்னால், அடுத்த ஊரில் முன்பணம் கட்டிய அறை நினைவுக்கு வருகிறது. 'எப்படியாவது போய்விடுங்கள்' என்று சொல்லப்படுகிறது. சொல்பவர் கொடியவர் அல்லர். தம் ஊரில் யாரிடமும் கடிந்து பேசாதவராகவும் அவர் இருக்கலாம். நிற்பதற்கு ஒரு நாளைத் திட்டத்தில் வைக்காமல் விட்டதால், அவருடைய நல்ல குணத்துக்கு அந்தத் திருப்பத்தில் இடமில்லாமல் போய்விட்டது.

விலைக்கு வாங்கியது எது?

இனி, குடும்பம் கௌசானியை அடைந்துவிட்டது என்று கொள்வோம். ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தச் சிற்றூர், திரிசூலம், நந்தா தேவி, பஞ்சசூலி ஆகிய பனிமுடிகளை ஒரே வரிசையில் காட்டுவதற்குப் பெயர் பெற்றது. அவற்றுள் நந்தா தேவி 7,816 மீட்டர் உயரம். சூரியன் எழும் வேளையில் சிகரங்கள் தெளிவாகத் தெரிவதும், பகல் ஏற ஏற மேகம் எழுந்து மூடிக்கொள்வதும் அங்கே வழக்கம். மழைக்காலத்தில் நாட்கணக்கில் எதுவும் தென்படாமலும் இருக்கும்.

குடும்பம் தங்கிய இரண்டு விடியல்களிலும் மேகம் விலகவில்லை. 'இவ்வளவு செலவு செய்து வந்தது வீணாயிற்றே' என்ற சொல் எழுகிறது. கொஞ்ச நேரத்தில் அது ஓட்டல் சிப்பந்தியின் மீதும், தேநீர் ஆறிவிட்டது என்ற குறையின் மீதும் திரும்புகிறது.

இங்கே விவேகம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கொடுத்த பணம் எதற்கான விலை? அறைக்கு, உணவுக்கு, வண்டிக்கு, ஓட்டுநரின் உழைப்புக்கு. இவற்றில் குறை இருந்தால் கேட்பது நியாயம். நந்தா தேவிக்கு எவரும் விலை கொடுக்கவில்லை. வாங்கிக்கொள்ள அங்கே எவரும் இல்லை. குமாவுன் மக்களுக்கு அந்தச் சிகரம் தெய்வம். அதே சமயம், பிறந்த வீட்டிலிருந்து கணவன் வீட்டுக்குச் சென்ற மகளாகவும் அவளைப் போற்றுகிறார்கள். ஆண்டுதோறும் புரட்டாசியை ஒட்டி அல்மோராவில் அவளுக்கு விழா எடுக்கிறார்கள். தங்கள் மகளை வந்து பார்ப்பவர்களை அவர்கள் தடுப்பதில்லை. ஆனால் அவள் முகம் காட்டவில்லை என்று ஒரு விருந்தினன் கோபித்தால், அது அவர்களுக்குப் புரியாத கோபமாகவே இருக்கும்.

அந்தக் கோபத்தின் வேர் ஆசை மட்டுமன்று. ஆசை எல்லோருக்கும் உண்டு. தன் முயற்சிக்கும் அதன் பலனுக்கும் இடையே விலைச்சீட்டு ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்ளும் அகங்காரமே வேர். முயற்சியைச் செலுத்தியாகிவிட்டது, ஆகவே பலன் கைக்கு வந்தே தீர வேண்டும் என்று அது வழக்காடுகிறது.

கௌசானியில் எழுதப்பட்ட முன்னுரை

இந்த வழக்கைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்த ஒருவர் அதே கௌசானியில் தங்கியிருந்தார் என்பது நினைவுகூரத்தக்கது. 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதம் குமாவுனில் சுற்றுப்பயணம் செய்த காந்தியடிகள், ஓய்வுக்காகக் கௌசானியில் சில நாட்கள் தங்கினார். தாம் செய்திருந்த கீதையின் குஜராத்தி மொழிபெயர்ப்புக்கு அங்கேதான் முன்னுரை எழுதினார். அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் 'அனாசக்தி யோகம்', அதாவது பற்றின்மை யோகம். 1930 மார்ச் 12 அன்று, தண்டி யாத்திரை தொடங்கிய அதே நாளில் அது வெளிவந்தது. அவர் தங்கிய இல்லம் இன்று அனாசக்தி ஆசிரமம் என்று வழங்குகிறது.

பற்றின்மை என்ற சொல்லை அசிரத்தை என்று பொருள் கொள்வோர் உண்டு. 'எல்லாம் அவன் செயல், திட்டம் எதற்கு?' என்று கேட்டுவிட்டுக் கம்பளியும் மருந்தும் இல்லாமல் மலையேறுவது பற்றின்மை ஆகாது. அவர்கள் தங்கள் கடமையைப் பிறர் தலையில் இறக்கி வைக்கிறார்கள். குளிரில் நடுங்கும்போது யாரோ ஒருவர் தம் போர்வையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தண்டி யாத்திரையே இதற்குச் சான்று. செல்லும் வழி, தங்கும் ஊர்கள், உடன் வருவோர், அவர்கள் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு என எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட பயணம் அது. பலன் மட்டுமே தீர்மானிக்கப்படவில்லை.

அதே குமாவுன் பயணத்தின்போது ஒரு துயரமும் நேர்ந்தது. அல்மோராவில் காந்தியடிகளைக் காண வந்த கிராமத்தவர் ஒருவர் அவர் சென்ற மோட்டார் வண்டியில் அடிபட்டார், பின்னர் உயிரிழந்தார். காந்தியடிகள் மருத்துவமனைக்குச் சென்று அவரைப் பார்த்தார். அந்நிகழ்ச்சியைப் பற்றித் தம் பத்திரிகையிலும் எழுதினார். மிக உயர்ந்த நோக்கத்தோடு செல்பவரின் வண்டிச் சக்கரமும் ஒருவரை வீழ்த்திவிடக் கூடும். அப்படியிருக்க, கண்ணுக்கு இன்பம் தேடிச் செல்பவர் எவ்வளவு எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்!

கவனமாகத் திட்டமிட்டாலும் இயற்கை அதற்குக் கட்டுப்பட்டதன்று. மழை ஓய்ந்து வானம் தெளியும் அக்டோபர், நவம்பர் மாதங்களே குமாவுனில் சிகரங்களைக் காண ஏற்றவை என்பது பொதுவிதி. அந்த விதியை நம்பியே 2021 அக்டோபரிலும் மக்கள் சென்றார்கள். அம்மாதம் 18, 19 தேதிகளில் பெருமழை கொட்டியது. முக்தேஷ்வரில் ஒரே நாளில் 340 மில்லிமீட்டர் பதிவாயிற்று. நைனிதாலுக்குச் செல்லும் சாலைகள் துண்டிக்கப்பட்டன. மாநிலத்தில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரியான மாதத்தைத் தேர்ந்தெடுத்தது மனிதன் செய்யக்கூடிய காரியம். அதற்கு மேல் அவன் கையில் எதுவும் இல்லை. ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தவர்களும், நிற்கச் சொன்னபோது நின்றவர்களும் தங்களால் இயன்ற வேறொரு காரியத்தையும் செய்தவர்கள்.

அப்பர் சென்ற வழி

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'பத்தாண்டு சேமித்து, வயது முதிர்ந்த பெற்றோரை அழைத்துக்கொண்டு, வாழ்வில் ஒருமுறை வருகிறவன் இருக்கிறான். அவனுடைய தாபத்தைப் பற்று என்று ஒதுக்குவது இரக்கமின்மை அல்லவா? திருக்கயிலையைக் காணச் சென்ற திருநாவுக்கரசர், உடல் தேய்ந்தபோதும் திரும்ப மறுத்தாரே! அவருடைய உறுதி குற்றமா?'

மறுப்பு வலிமையானது. அப்பரின் வரலாற்றைச் சற்று உற்று நோக்கினால் விடையும் அதிலேயே கிடைக்கும். காசியைக் கடந்தபின் அவர் உடன் வந்தோரைத் தவிர்த்துத் தனியே சென்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. கால் தேய்ந்தபோது கையால் ஊன்றியும், கை தேய்ந்தபோது மார்பால் ஊர்ந்தும் சென்றார். அவர் பணயம் வைத்தது தம் உடலை. பிறர் உடலை அன்று. அடியவர்களைத் தூக்கிச் செல்லச் சொல்லவில்லை. திரும்பிப் போ என்று வழியில் சொன்ன முனிவரிடம் சினக்கவும் இல்லை. முடிவில், காண விரும்பிய இடத்தில் அல்லாமல் திருவையாற்றில் அவருக்குக் கயிலைக் காட்சி கிடைத்தது. அருள் தேர்ந்த இடத்தை அவர் ஏற்றுக்கொண்டார்.

தாபம் குற்றமன்று. சிகரம் தெரியாதபோது முதிய தாய் கண் கலங்கினால் அந்தக் கண்ணீரும் ஒரு வழிபாடுதான். துயரம் உள்ளுக்குள் இருந்து ஒருவனைப் பணிவிக்கிறது. உரிமைகோரல் வெளியே பாய்ந்து, எதிர்த்துப் பேச இயலாத ஒருவரைத் தேடிப் பிடிக்கிறது. தன் மனத்தில் எழுந்தது எது என்று அறிய, அருகில் நிற்கும் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

போகாமல் இருப்பதே மேலா?

மற்றொரு கேள்வியும் உண்டு. மலைகள் ஏற்கெனவே வாடியிருக்கின்றன. இமயப் பகுதியின் ஊற்றுகளில் ஏறத்தாழப் பாதி வற்றி வருவதாக 2018-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை எச்சரித்தது. குமாவுன் கிராமங்களில் 'நௌலா' என்னும் கல் கட்டிய பழைய ஊற்றுத் தொட்டிகளை நம்பி வாழ்ந்தவர்கள், கோடையில் குடத்துடன் நெடுந்தூரம் நடக்கிறார்கள். சீர் மரத்தின் உலர்ந்த ஊசியிலைகள் ஒரு தீப்பொறிக்குக் காத்துக் கிடக்கின்றன. 2024 ஜூனில் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர்கள் அத்தீயிலேயே உயிரிழந்தனர். அப்படியானால் அங்கே போகாமல் இருப்பதே அறம் அல்லவா?

சில வேளைகளில் அதுவும் அறமே. நீர்த்தட்டுப்பாடும் நெரிசலும் மிகுந்த மே, ஜூன் மாதங்களில் போகாமல் வேறு பருவத்துக்குத் தள்ளிவைப்பது ஒரு நல்ல விரதம். ஆனால் எவருமே போகாமல் இருப்பது முழுமையான விடை ஆகாது. பிழைப்புக்கு வழியின்றி மக்கள் சமவெளிக்கு இறங்கிவிட்டதால், 2011-க்குப் பின் உத்தராகண்டில் 700-க்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆளற்றுப் போனதாக அம்மாநிலத்தின் இடம்பெயர்வு ஆணையம் 2018-இல் கூறியது. தன் வீட்டின் ஓர் அறையை விருந்தினருக்குக் கொடுத்து, அந்த வருவாயால் ஊரிலேயே நிலைத்திருக்கும் குடும்பங்களும் அங்கே உள்ளன. அவர்களுக்குப் பயணி பாரமாக வருகிறானா, உறவாக வருகிறானா என்பதே கேள்வி. ஆறு ஊர்களை ஆறு நாட்களில் தொட்டுச் செல்பவன் எந்த ஊருக்கும் உறவாவதில்லை. இரண்டு ஊர்களில் மும்மூன்று நாள் தங்குபவன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையாவது அறிகிறான்.

சங்கற்பம்

பெரியோர் எந்த நற்செயலையும் சங்கற்பத்தோடு தொடங்கினார்கள். செய்பவன் யார், எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எதற்காகச் செய்கிறான் என்பதை அறிவித்துக்கொள்வது அது. பயணத் திட்டமும் அவ்வாறு எழுதப்படலாம். ஊர்களின் எண்ணிக்கை பாதியாகட்டும். ஒரு நாள் வெறுமையாக இருக்கட்டும். அது மேகத்துக்கும் மழைக்கும் உரிய நாள். இருட்டியபின் மலைச்சாலையில் வண்டி ஓடாது என்பதும், நில் என்று ஓட்டுநர் சொன்னால் நிற்பது என்பதும் புறப்படும் முன்பே குடும்பத்தினர் அனைவரும் ஒப்புக்கொண்ட விதியாக இருக்கட்டும். கொண்டுசெல்லும் பிளாஸ்டிக் பை திரும்பி வரட்டும். வாளித் தண்ணீரில் குளியல் முடியட்டும்.

இவ்வளவும் செய்தபின் ஆவலோடு போகலாம். விடியலில் எழுந்து, குளிரில் போர்த்திக்கொண்டு, வடதிசை நோக்கிக் காத்திருக்கலாம். சிகரம் தெரிந்தால் அது பிரசாதம். பிரசாதத்தை அளவு குறைவு என்று யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. தெரியாவிட்டால், அந்த நாளை வீட்டுக்காரப் பெண்மணியோடு அடுப்பங்கரையில் கழிக்கலாம். பைஜ்நாத்தின் பழைய கற்கோயில்களை அடுத்து ஓடும் கோமதி ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கலாம். காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் மனம் எவரையும் நோகாமல் இருந்ததா என்று அன்றிரவு தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நல்லது. ஆம் என்று சொல்ல முடிந்தவர் ஊர் திரும்பும்போது, நிழற்படக் கருவியில் மேகம் மட்டுமே இருந்தாலும், அவருடைய யாத்திரை நிறைவேறியது என்று கொள்ளலாம்.