தொட்டியில் தங்குவது

மண்தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு வரி. விரலால் தேய்த்தால் மாவு. நாக்கில் வைத்தால் லேசான கரிப்பு.

போர்வெல் தண்ணீர் வந்துபோன தடம். மண் உறிஞ்சியது, தொட்டியின் சுவர் வழியே கசிந்தது, வெயில் நீரை மட்டும் எடுத்துக்கொண்டது.

மற்றதெல்லாம் இங்கேயே இருக்கிறது.

*

சமையலறையில் ஆர்.ஓ. வடிகட்டி ஓடுகிறது. சன்னமான முனகல்.

ஒரு குழாயில் நல்ல தண்ணீர், மெலிந்து. இன்னொரு குழாயில் வேண்டாத தண்ணீர், தாராளமாக. குடிக்க ஒரு பங்கு. வெளியே ஏறக்குறைய மூன்று பங்கு.

இரண்டையும் பாத்திரத்தில் பிடித்துப் பக்கத்தில் வைக்கிறேன். கண்ணுக்கு வித்தியாசமில்லை. இரண்டிலும் ஒரே ஜன்னல் தெரிகிறது.

*

டிடிஎஸ் மீட்டர். நுனியை அமிழ்த்தினால் எண் ஓடி, தயங்கி, நிற்கிறது.

போர் தண்ணீர் 920.

வடிகட்டியது 60.

வெளியே தள்ளியது 1210.

லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது. குடிநீரில் 500 வரை ஏற்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அது குடிப்பவருக்கான கணக்கு. உடல் மிஞ்சிய உப்பை வெளியே அனுப்பிவிடுகிறது.

தொட்டி வைத்துக்கொள்கிறது.

*

மின்சாரம் நீரில் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதைத்தான் மீட்டர் பார்க்கிறது. எவ்வளவு என்று சொல்லும். எது என்று சொல்லாது.

கீழ்த்தளத்தில் கடின நீரை மென்மையாக்கும் கருவி. சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கிறது. ஷவரில் அடைப்பு இல்லை. எண் மட்டும் ஏறக்குறைய அதே.

சுண்ணாம்பு செடிக்கு உணவாகவாவது ஆகும். சோடியம் மண்ணை இறுக்கும்.

செடிக்கான தண்ணீரை அந்தக் கருவிக்கு முன்னால் இருக்கும் குழாயில் பிடிக்கிறேன்.

*

வேர் குடிக்கும் விதம்.

வேருக்குள் கரைசலின் அடர்த்தி அதிகம். வெளியே மண்ணீரில் அடர்த்தி குறைவு. நீர் தானாக உள்ளே நகர்கிறது.

ஆர்.ஓ. அதையே திருப்பிப்போடுகிறது. அழுத்தம் கொடுத்து, உப்பின் பக்கத்திலிருந்து நீரைச் சவ்வுக்கு அப்பால் தள்ளுகிறது. 1950களின் கடைசியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய சவ்வு. 1965இல் கோலிங்கா என்ற சிற்றூர் அதன் வழியே வந்த நீரைக் குடித்தது. மீஞ்சூரில் 2010இல், நெம்மேலியில் 2013இல், கடல் அதே வழியாகச் சென்னைக்குள் வரத் தொடங்கியது.

எதிர்த்திசையில் தள்ளப்பட்ட நீர், ஒரு சொம்பு. மண்ணில் விடுகிறேன். அங்கே அது மறுபடி தன் திசையில் போகிறது. மோட்டார் இல்லை. ஓசை இல்லை.

*

மண்ணில் உப்பு ஏற ஏற வேரின் இழுப்பு தளர்கிறது.

மண் ஈரம். இலை வாட்டம்.

மேலும் ஒரு சொம்பு ஊற்றக் கை போகிறது. நிற்கிறது.

*

ஆர்க்கிட். கரித்துண்டுகளுக்கு வெளியே நீண்டு தொங்கும் வேர். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம்.

வடிகட்டிய தண்ணீரை மெல்ல விடுகிறேன். பட்ட இடத்தில் பச்சை ஊறுகிறது. மேலிருந்து கீழே, ஒரு பக்கமாக. படாத பக்கம் இன்னும் வெள்ளி. நடுவில் ஒரு கோடு, நகர்ந்துகொண்டே இருக்கிறது.

பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதுவும் தோன்றவில்லை.

நுனியில் ஒரு துளி தொங்குகிறது. விழவில்லை.

இதற்கு மண் இல்லை. உப்பு வந்தால் இடையில் நின்று தாங்க ஒன்றும் இல்லை. இந்தச் செடிக்குச் சுத்தமான நீர் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றவற்றில் இருக்கிறது.

*

கறிவேப்பிலை. புதுத் தளிர் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை.

மண்ணில் இரும்பு இருக்கிறது. கடின நீர் ஊற்றி ஊற்றி மண் காரத்தன்மை ஏறி, வேருக்கு எட்டாமல் இருக்கிறது.

பாட்டி வீட்டில் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் போகும். மோர்ச்சட்டியைக் கழுவிய தண்ணீரும் அங்கேதான். புளிப்பு காரத்தைக் கொஞ்சம் தணிக்கும். அங்கே யாரும் காரணம் கேட்டதில்லை. மரம் கிணற்றடியில் தழைத்து நின்றது.

இங்கே ஒரு கரண்டி மோர், நிறையத் தண்ணீர் கலந்து.

*

மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் குளோரின் வாடை.

வாய் அகன்ற பக்கெட்டில் பிடித்து இரவு முழுக்கத் திறந்து வைக்கிறேன். காலையில் வாடை இல்லை.

உப்பு அப்படிப் போகாது. கொதிக்க வைத்தால் கொஞ்சம் சுண்ணாம்பு பாத்திரத்தில் படியும். மற்றது இன்னும் அடரும்.

*

சென்னையின் 2019 கோடை நினைவுக்கு வருகிறது. ஏரிகள் வெடித்துக் கிடந்த மாதங்கள். லாரிக்குக் காத்திருந்த குடங்கள், தெருமுனை வரை. அரிசி களைந்த தண்ணீர்தான் அப்போது துளசிக்கு.

வாசலில் 20 லிட்டர் கேன் வந்து இறங்குகிறது. இதன் மீதி எங்கோ ஒரு சாக்கடையில் ஓடியிருக்கிறது.

செடிக்கென்று கேன் வாங்க மனம் வரவில்லை.

*

வடிகட்டிய நீர் ஏறக்குறைய வெறுமை. சுண்ணாம்புச்சத்து அநேகமாக இல்லை. மக்னீசியமும் அப்படியே. அதை மட்டுமே குடிக்கும் செடிக்கு இரண்டையும் மண்ணோ உரமோ தர வேண்டும். தேங்காய்நார்த் தூளில் வளர்வதற்கு இன்னும் கவனம்.

ஒரு பிடி மண்புழு உரம். ஈர மண்ணின் வாசனை விரல்களில் நிற்கிறது.

*

மதியம். ஏசி குழாய் சொட்டுகிறது.

பக்கெட்டில் விழும் ஓசை முதலில் கூர்மை. நிறைய நிறைய மழுங்குகிறது.

மீட்டரில் 18. அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து நீரானது. தூங்குகிறவர்களின் மூச்சும் இதில் இருக்கிறது.

ஃபெர்னுக்கு விடுகிறேன். ஏசிக்குள் இருக்கும் உலோகச் சுருளைத் தொட்டு வருவது என்பதால் துளசிக்கும் புதினாவுக்கும் விடுவதில்லை.

*

மழை. நீராவியாகிக் கிளம்பியபோது உப்பைக் கீழே விட்டது. வரும் வழியில் காற்றின் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்கிறது. மாசில்லாத காற்றில் அதன் அமிலக் காரக் குறியீடு சுமார் 5.6. கடின நீருக்கு எதிர்ப்பக்கம் சற்றே சாய்ந்த நீர்.

இதைவிட நல்லது ஒன்றும் இல்லை என்று தோன்றுகிறது. தோன்றுவதை அப்படியே எழுதுகிறேன்.

மொட்டைமாடியிலிருந்து குழாய் இறங்குகிறது. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. அந்தக் குழாய் நிலத்துக்குள் போகிறது. பக்கத்தில் ஒரு டிரம், கொசு புகாதபடி வலையும் மூடியும். முதல் மழை மாடியின் புழுதியைக் கழுவிப் போகட்டும். இரண்டாவது மழைக்குத்தான் டிரம்.

ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

டிரம்மைத் தட்டினால் வெற்றோசை.

*

மணிபிளான்ட் இலையின் நுனியில் ஒரு துளி. பனி இல்லை. வேர் இழுத்தது மிகுந்து, இரவில் இலை வெளியே விட்டது.

அது காய்ந்த இடத்தில் மிகச் சிறிய வெள்ளைப் புள்ளி.

*

வடிகட்டிய நீரைச் சில தொட்டிகளில் நெடுநேரம் ஊற்றுகிறேன். அடித்துளையில் வரும்வரை. வந்த பிறகும்.

தட்டில் தேங்கியது தேநீர் நிறம். மீட்டரில் 740.

அதை மண்ணில் திரும்ப விடுவதில்லை.

*

ஆர்.ஓ. வெளியே தள்ளிய 1210, ஒரு பக்கெட்டில். வீடு துடைக்கிறது. கழிப்பறைக்குப் போகிறது. மிஞ்சியதைச் சுற்றுச்சுவரோரத் தென்னைக்குக் கொண்டுபோகிறேன். கடலோரம் நிற்கப் பழகிய மரம். உப்பு அதற்குப் பகை இல்லை.

பக்கெட்டின் கைப்பிடி விரல் மடிப்பில் அழுந்துகிறது. வலி, பிறகு சிவப்பு, பிறகு ஒன்றுமில்லை.

*

போர் தண்ணீர் பாதி. வடிகட்டியது பாதி. 490.

மல்லிக்கு இதை விடுகிறேன். அதிகமா, குறைவா. இருக்கும் இலைகளில் தெரியாது. கருகிய நுனி பச்சையாகத் திரும்புவதில்லை. புதுத் தளிரில்தான் பார்க்க வேண்டும். அது விரிய வாரங்கள் ஆகும்.