மயிலுக்குப் போர்வை, மனைவிக்கு?

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்கினால் மேகம் தவழும் மலைத்தொடர் கண்ணைக் கவரும். விடியுமுன்னே, போடிமெட்டுக்கு வளைந்தேறும் பாதையில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் செல்லும். மலைக்கு அப்பால் ஏலத் தோட்டங்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை; அடித்தண்டை ஒட்டி, மண்ணருகே காய்ப்பது. குனிந்தெடுக்க வேண்டும். மழையிலும் எடுக்க வேண்டும். அட்டை கடித்தாலும் எடுக்க வேண்டும். மணம் ஊருக்கு, முதுகுவலி அவளுக்கு!

அத்தகைய தாயொருத்தியின் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். கடையெழு வள்ளல்களைப் பற்றிய பாடம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் பெருமையை, என் புலமையெல்லாம் காட்டி விளக்கினேன். அவள் எழுந்தாள். “அந்த அரசர் வீட்டில் யாருமே குளிரில் நடுங்கவில்லையா சார்?” என்றாள்.

வகுப்பு சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அக்கேள்விக்கு விடை புறநானூற்றிலேயே இருக்கிறது. நான்தான் அதைச் சொல்லாது விட்டிருந்தேன்!

பேகன், ஆவியர் குடித் தலைவன். பொதினி எனப்பட்ட பழனி மலைப் பகுதியை ஆண்டவன். காட்டு மயில் குளிரால் நடுங்குகிறது என்றெண்ணிப் போர்வை தந்தான். அதே பேகன், மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் வாழ்ந்தான். வாயிலில் நின்று அழுதவள் யாரென்று கேட்டார் கபிலர். பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோரும் அவளுக்காகப் பாடினர். எமக்குப் பசியில்லை, பரிசிலும் வேண்டா, அவள் துயர் தீர இன்றே தேரேறு என்பதே பரணர் வேண்டியதன் சாரம். நாம் மயிலை மனப்பாடம் செய்தோம், மனைவியை மறந்தோம்.

கிரேக்கத்திலும் இப்படியொரு கதை உண்டு. தெசாலி நாட்டு மன்னன் அட்மீட்டஸ், விருந்தோம்பலில் பெயர் பெற்றவன். அப்பல்லோ என்னும் தேவனே அவன் மாடுகளை மேய்த்தானாம். அவன் யாழிசை கேட்டு விலங்குகளும் மயங்கினவாம். இனிய முல்லைக் காட்சி! ஆனால், மன்னனுக்குச் சாவு நெருங்குகிறது. அவனுக்காக வேறொருவர் இறந்தால் அவன் பிழைப்பான். பெற்றோர் மறுத்தனர், மனைவி அல்செஸ்டிஸ் உயிரீந்தாள். அவள் இறந்த நாளிலும், அதை மறைத்து விருந்தினனை வரவேற்றுப் புகழைக் காத்துக்கொண்டான் மன்னன். அந்த விருந்தினனான ஹெரக்கிளீஸ் சாவுடன் போராடி அவளை மீட்டான் என்பது கதையின் முடிவு. யூரிப்பிடிஸ் கி.மு. 438-இல் இதை நாடகமாக அரங்கேற்றினார்.

“மயிலுக்கு இரங்கியது குற்றமா? பழம்பெருமையைப் பழிப்பதா பகுத்தறிவு?” என்று கேட்பார் உண்டு. இரக்கம் குற்றமன்று. ஆனால் ஈகை வேறு, கடன் வேறு. மயில் போர்வை கேட்கவில்லை. கொடுக்காவிடில் யாரும் குறை சொல்லப்போவதுமில்லை. கொடுத்தான், புகழ் வந்தது. மனைவிக்குச் செய்ய வேண்டியதோ அவளது உரிமை. அதைச் செய்தால் யாரும் வள்ளல் என வாழ்த்தமாட்டார்கள். புகழ் வரும் இடத்தில் வாரி வழங்கி, கடன்பட்ட இடத்தில் கைவிரிப்பது அறமாகுமா?

மலைமேலும் இதே கேள்விதான். திருநாளன்று முதலாளி தரும் சேலை ஈகை. உழைப்புக்கேற்ற கூலி கடன். 1951-இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தோட்டங்களில் குடிநீர், குடியிருப்பு போன்றவற்றை முதலாளியின் கடமையாக்கியது. கருணையாக இருந்ததைக் கடமை என்று எழுதியதே அதன் சிறப்பு. சேலைக்கு நன்றி சொல்லி அவள் தலைகுனிய வேண்டும். கூலியை நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

மறுநாள் பேகன் பாடத்தின் மறுபாதியை நடத்தினேன். மன்னனைப் பாடியவர்களே மன்னனைக் கேள்வி கேட்ட மரபு நம்முடையது என்றேன். இளைஞர்களே, வள்ளல்களைப் பாடத் தடையில்லை. பாடுமுன், கபிலரைப் போல் வாயிலில் ஒரு கணம் நின்று கேளுங்கள்: அழுபவர் யார்?