அலமாரியில் பூட்டிய ஆசை

துன்பங்களிலும் மரியாதைக்குரியவை, மரியாதையற்றவை என்று இரண்டு வகை உண்டு. கடனாலோ நோயாலோ பிரிவாலோ வருந்துகிறவனைக் கண்டால் உலகம் இரங்குகிறது. விலை உயர்ந்த காமிரா ஒன்றை வாங்குவதா, வேண்டாமா என்று மூன்று மாதங்களாகத் தூக்கமின்றிப் புரளுகிறவன் தன் துன்பத்தை வெளியே சொன்னால், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். "இதெல்லாம் ஒரு கவலையா?" என்பார்கள். அது அவனுக்கே தெரியும். ஆகையால் அவன் யாரிடமும் சொல்வதில்லை. வெளியே சொல்ல முடியாத துன்பம் சிறியதாகவே இருந்தாலும் உள்ளிருந்து அரிக்கும்.

அப்படிப்பட்ட மனிதர் ஒருவரை நம் எல்லோருக்கும் தெரியும். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஓர் அலுவலகத்தில் உத்தியோகம். பொறுப்பான மனிதர், குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. படம் பிடிப்பதில் மட்டும் ஓர் ஆசை. காலையில் குளிக்கும்போது, "இன்று வாங்கிவிடுவது" என்று முடிவு செய்கிறார். மத்தியானம் மகளின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வந்து முடிவைக் கலைக்கிறது. மாலையில் கால்கள் தாமாகவே கடை வாசலுக்குப் போகின்றன. இரவில், வீட்டார் தூங்கிய பிறகு, கைப்பேசியில் அதே காமிராவின் படத்தை நூறாவது முறையாகப் பார்க்கிறார். விலை ஏதாவது இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்.

ஒரு நாள் எப்படியோ வாங்கியும் விடுகிறார். நிம்மதி வந்ததா? இல்லை. அடுத்த வாரமே அதைவிடச் சிறந்தது ஒன்று வந்துவிட்டதாக யாரோ சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் ஐயம். வாங்கிய பின் வருத்தம். இரண்டுக்கும் நடுவில் மகிழ்ச்சி எங்கே இருந்தது? பெட்டியைப் பிரித்த அந்தப் பத்து நிமிஷத்தில் இருந்தது. பிறகு காமிரா அலமாரிக்குள் போயிற்று. அவரும் ஆறு மாதம் அந்த அலமாரியைத் திறக்கவில்லை. திறந்தால் அது ஏதோ கேட்டுவிடும் என்று பயம்.

இந்த வேடிக்கைக்கு அடியில் வேடிக்கையில்லாத கேள்வி ஒன்று இருக்கிறது. அளவான வருமானமும் அளவற்ற கடமைகளும் உடைய ஒரு மனிதன், பிழைப்புக்குத் தொடர்பில்லாத தன் இன்பம் ஒன்றுக்காகப் பணம் செலவிட உரிமை உடையவனா? உரிமை உண்டு என்றால், அவன் ஏன் திருடனைப் போல நடுங்குகிறான்?

முதலில், அவன் வாங்குவது என்ன என்று பார்ப்போம்.

1888-ஆம் ஆண்டு, பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் சட்டம் படிக்க லண்டனுக்குப் போனார். அங்கே நாகரிகமான ஆங்கிலேயக் கனவானாக மாறிவிட வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. பெரிய கடைத்தெருவில் பத்துப் பவுன் கொடுத்து உடை தைத்துக்கொண்டார். நடனம் கற்க மூன்று பவுன் கட்டினார். தாளத்தோடு கால் ஒத்துப்போகவில்லை. மேனாட்டு இசைக்குக் காது பழக வேண்டும் என்று மூன்று பவுனில் ஒரு வயலின் வாங்கினார். அதைக் கற்பிக்க ஓர் ஆசிரியை. அழகாகப் பேசுவதற்கு இன்னோர் ஆசிரியர், அதற்கு ஒரு புத்தகம். ஊரிலிருந்து அண்ணன் அனுப்பிய பணம் இப்படிக் கரைந்தது. அந்த இளைஞர் வேறு யாருமில்லை, காந்தியடிகள்தாம். தம் சுயசரிதையில் இதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

மூன்று பவுன் கொடுத்து அவர் வாங்கியது வயலின் என்றா நினைக்கிறீர்கள்? வயலின் வாசிக்கிற ஒரு காந்தியை அவர் வாங்கினார். கடைக்காரன் வயலினைத்தான் கட்டிக் கொடுத்தான். அந்தக் காந்தி கட்டுக்குள் இல்லை. காமிரா வாங்குகிற நம் உத்தியோகஸ்தரும் அப்படித்தான். மலையுச்சியில் விடியற்காலையில் நிற்கிற, பத்திரிகையில் பெயர் வருகிற, அலுவலகத்துக் கோப்புகளோடு சம்பந்தமில்லாத வேறொரு மனிதரை அவர் வாங்க நினைக்கிறார். அதனால்தான் முடிவெடுப்பது அவ்வளவு கடினமாக இருக்கிறது. கத்தரிக்காய் வாங்க யாரும் மூன்று மாதம் யோசிப்பதில்லை. தன்னையே புதிதாக வாங்குகிறவன் யோசிக்கத்தானே செய்வான்? பின்னால் வருகிற வருத்தமும் காசுக்காக மட்டும் வருவதன்று. அலமாரியில் கிடக்கும் காமிரா, "நீ ஆக நினைத்த மனிதன் எங்கே?" என்று கேட்கிறது.

காந்தியடிகளின் மயக்கம் ஏறக்குறைய மூன்று மாதம் நீடித்தது. தெளிந்ததும் அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். வயலினை மூலையில் வைத்துவிட்டு ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. ஆசிரியையிடம் நேரில் போய், தாம் தவறான ஒன்றின் பின்னால் ஓடியதைச் சொல்லி, கிடைத்த விலைக்கு அதை விற்றுவிடும்படி கேட்டுக்கொண்டார். போட்ட பணம் முழுவதும் திரும்புமா என்று அவர் காத்திருக்கவில்லை. நாமோ, "இவ்வளவு கொடுத்து வாங்கியதை இந்த விலைக்கா விற்பது?" என்று பத்து ஆண்டுகள் துணி போட்டு மூடி வைக்கிறோம். பணம் போனது முதல் நஷ்டம். மனத்தில் அதற்கு இடம் கொடுத்து வைத்திருப்பது இரண்டாவது நஷ்டம். இந்த இரண்டாவதைக் கடைக்காரன் நமக்குச் செய்யவில்லை.

ஒரு பொருளோடு வாங்குவது நிற்பதும் இல்லை. கோவணத்தை எலி கடித்தது என்று பூனை வளர்த்த சந்நியாசியின் கதையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். பூனைக்குப் பால், பாலுக்குப் பசு, பசுவைப் பார்த்துக்கொள்ள ஒரு மனைவி! பிரெஞ்சு அறிஞர் திதரோவும் பதினெட்டாம் நூற்றாண்டில் இதே அனுபவத்தை எழுதினார். புதிதாகக் கிடைத்த ஒரு சிவப்பு அங்கிக்குப் பக்கத்தில் வீட்டிலிருந்த பழைய மேஜையும் நாற்காலியும் படங்களும் அசிங்கமாகத் தோன்ற, ஒவ்வொன்றாக மாற்றினாராம். கடைசியில் பழைய அங்கிக்காக ஏங்கினார். காமிராவுக்கு ஒரு லென்ஸ், லென்ஸுக்கு ஒரு பை, படங்களைத் திருத்த ஒரு கம்ப்யூட்டர். சந்நியாசி இன்று தவணை முறையில் சம்சாரியாகிறார்.

அப்படியானால் ஆசையே கூடாதா? அப்படிச் சொல்லிவிடுவது எளிது, ஆனால் உண்மையன்று. இந்த இடத்தில் வாசகரைத் திருவக்கரைக்கு அழைத்துப் போக விரும்புகிறேன்.

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருக்கிறது அந்த ஊர். சந்திரமௌலீசுவரர் கோயில் கொண்ட தலம், ஞானசம்பந்தர் பாடியது. வக்கரகாளியம்மனைத் தரிசிக்கப் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் கூடுகிறது. வந்தவர்களில் ஒரு சிலர் மட்டும் ஊருக்குக் கிழக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்து ஒரு செம்மண் மேட்டுக்குப் போகிறார்கள். அங்கே மரங்கள் கிடக்கின்றன. எல்லாம் கல்லாகிவிட்ட மரங்கள். 247 ஏக்கர் பரப்பில் சுமார் 200 மரங்கள். அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்கிறார்கள் நிலவியலார். கிளையும் வேரும் இல்லாமல் படுத்துக் கிடப்பதால், வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்தவை என்று கருதுகிறார்கள். நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் சிறிது சிறிதாகப் புகுந்தது. மரம் போன இடத்தில் கல் அமர்ந்தது. ஆனாலும் வரிகளும் கணுக்களும் அப்படியே நிற்கின்றன. தொட்டால்தான் கல் என்று தெரிகிறது. சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் 1781-ஆம் ஆண்டிலேயே இவற்றைக் குறித்து வைத்தார்.

இந்தக் கல்மரங்களில் ஒரு சில்லைக்கூட யாரும் எடுத்துப் போகக் கூடாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருப்பவை அவை. ஆனால் போகிறவர்களின் கை துறுதுறுக்காமல் இருப்பதில்லை. காலடியில் சிறு துண்டு ஒன்று கிடந்தால், ஒரு தரம் சுற்றுமுற்றும் பார்க்கத் தோன்றும். ஏன்? கண்டு மகிழ்ந்ததைக் கையில் பிடித்துவிட வேண்டும் என்று மனம் நினைக்கிறது. அந்தச் சில்லு அதன் மரத்தின் பக்கத்தில், அந்தச் செம்மண்ணில் கிடக்கும்போது 2 கோடி ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறது. வீட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் வாய் மூடிக்கொள்கிறது. "இது என்னப்பா?" என்று குழந்தை கேட்டால், "எங்கேயோ கிடந்த கல்" என்றுதான் நாளடைவில் நாமும் சொல்வோம்.

ஆகவே, விலை கொடுத்தும் வாங்க முடியாத இடம் ஒன்று நமக்குத் தேவை. அங்கே நம் ஆசையின் தரம் தெரிந்துவிடும். எடுத்துப் போக முடியாது என்று தெரிந்த பிறகும், ஒரு மரத்தின் அருகே குந்தி அதன் வரிகளை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்க ஒருவனால் முடியுமானால், அவனிடம் இருப்பது கலை விருப்பம். "எடுக்க முடியாதா? சரி, புறப்படுவோம்" என்கிறவனிடம் இருந்தது உடைமை விருப்பம். நம் உத்தியோகஸ்தர் இரவல் காமிராவுடனோ, சட்டைப்பையிலிருக்கும் கைப்பேசியுடனோ ஒரு நாள் காலையில் அங்கே போகட்டும். கல்மரத்தின் மேல் வெயில் ஏறுவதைப் பார்த்துப் பார்த்துப் படமெடுத்து, பசி மறந்து நிற்பாரானால், அவர் தயங்காமல் தம் காமிராவை வாங்கலாம். "இதையே அந்தக் காமிராவில் எடுத்தால் எப்படி இருக்கும்!" என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பாரானால், இன்னும் கொஞ்சம் பொறுப்பது நல்லது.

மரம் கல்லானது ஒரே நாளில் நடந்ததன்று. துளித்துளியாக நடந்தது. கலையும் மனிதனுக்குள் அப்படித்தான் புகுகிறது. கடையில் பணம் எண்ணிக் கொடுக்கிற ஒரு நிமிஷத்தில் அது புகுவதில்லை.

இதற்குச் சான்றாக ஒரு மனிதரைச் சொல்லலாம். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்ப்பதில் அவருக்கு ஆசை பிறந்தது. புத்தகங்களோடு பத்திரிகைகள், நாடக நோட்டீஸுகள், அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் குப்பையில் போடுவதையும் தேடித் தேடிச் சேர்த்தார். கூட்டிக் கழித்துப் பார்க்கிற எந்த உறவினரும் அந்நாளில் அதை வீண் செலவு என்றே சொல்லியிருப்பார். 1992-இல் அவர் மறைந்தார். அவர் சேர்த்ததைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. 1994-இல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. இன்று தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதன் கதவைத் தட்டாமல் இருக்க முடியாது.

எல்லாருடைய ஆசையும் நூலகமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான ஆசைகள் பரணில்தான் முடியும். ஆனால் அவர் தாம் வாங்கிய பொருளுக்குப் பணத்தோடு ஆயுளையும் கொடுத்தார். பொருளுக்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை, வாங்கிய மறுநாளிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த விலையைக் கொடுக்காதவர்களுக்குத்தான் வருத்தம் வட்டியோடு வந்து சேருகிறது.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. விலை உயர்ந்த பொருளோடு வீட்டுக்கு வருகிற மனிதர், மனைவி "என்ன விலை?" என்று கேட்டால் பாதி விலையைச் சொல்கிறார். காமிராவால் குடும்பம் கெட்டுவிடாது. அந்தப் பாதி விலையால் கெட்டுவிடலாம். பாதியை மறைத்தவர் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொருளைத் தொடும்போது பொய்யையும் சேர்த்துத் தொட வேண்டியிருக்கிறது. அவருடைய நடுக்கத்துக்குக் காரணம் அந்தப் பொய்தான். இன்பத்துக்குச் செலவிட்டதற்காக அவர் நடுங்க வேண்டியதே இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம், 1823-இல் பழைய பீங்கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வறுமைக் காலத்தில் தாமும் தம் சகோதரியும் ஒரு பழைய நாடகப் புத்தகத்தை வாங்குவதா வேண்டாமா என்று வாரக்கணக்கில் பேசிப் பேசி, ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணி நெருங்கும்போது முடிவு செய்து ஓடிப்போய் வாங்கி வந்ததை அதில் நினைவுகூர்கிறார். அதற்காகப் பழைய உடுப்பையே நைந்துபோகும்வரை அவர் உடுத்தினாராம். பிற்காலத்தில் பணம் வந்தது. நினைத்தபோது வாங்க முடிந்தது. அந்தப் பழைய மகிழ்ச்சி மட்டும் வரவில்லை. அவர்களும் தயங்கினார்கள்தாம். ஆனால் இருவராகத் தயங்கினார்கள். கூடித் தயங்குவதற்குக் குடும்பம் என்று பெயர். தனியே இருட்டில் தயங்குவதற்குத்தான் நோய் என்று பெயர்.

கூடிப் பேசினால் இன்னொன்றும் வெளிவரும். கல்யாணத்துக்கு முன் வீணை கற்றுக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர். உறை போட்டு மூலையில் சாத்திய வீணைக்கு ஒரு தந்தி மாற்றவேண்டும் என்று அந்த அம்மாள் இருபது ஆண்டுகளாக வாய் திறந்து கேட்டதில்லை. கணவர் காமிராவுக்காகத் தவிக்கிறார். தவிப்பதற்கும் ஓர் உரிமை இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தனக்கென்று ஒன்று வாங்கலாமா என்ற ஐயம்கூட எழாதபடி வளர்க்கப்பட்டவர்களின் இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? உரிமை உண்டா என்று தொடக்கத்தில் கேட்டோமே, அதற்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. தன் இன்பத்துக்காகச் செலவிட ஒருவனுக்கு உரிமை உண்டு; அதே உரிமை வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் உண்டு என்று அவன் உணர்ந்திருக்கும்வரை.

ஆகையால் அலமாரியைத் திறக்கலாம். உள்ளே இருப்பதைப் பற்றி வீட்டாரிடம் முழு விலையைச் சொல்லலாம். அதற்கு மணிக்கணக்காகத் தன் நேரத்தைக் கொடுக்க முடியுமானால் நாளைக் காலையிலேயே எடுத்துக்கொண்டு புறப்படலாம். முடியாதென்றால், அதற்காக ஏங்கும் ஏதாவது ஒரு சின்னப் பையனுக்கோ பெண்ணுக்கோ கொடுத்துவிடலாம். திரும்பிவரும் வழியில், வீணைக்குத் தந்தி விற்கும் கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வரட்டும்.