தளர்வும் இறுக்கமும்

லோடர் வண்டியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் டிராக்கைக் கழற்றப் பலத்தைவிடப் பொறுமையே அதிகம் வேண்டும். முதலில் வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, அசையாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு டிராக்கை இறுக்கிப் பிடித்திருக்கும் கிரீஸ் அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டு வால்வைத் திறந்தால், பீறிடும் கிரீஸ் தோலையே துளைத்துவிடும். அழுத்தம் இறங்கிவிட்டால் டிராக்கை நெம்பி எடுக்கும் கடப்பாரைக்கும் வேலை சுலபம்.

மாட்டும்போது அளவுதான் அறிவு. அதிகம் இறுக்கினால் பேரிங் தேயும். அதிகம் தளர்த்தினால் திருப்பத்தில் டிராக் கழன்றுவிடும்.

அழுத்தம் குறையாத இடத்தில் பலம் காட்டுபவர் பொருளையும் கெடுப்பார், தம்மையும் காயப்படுத்திக்கொள்வார். எதையும் பிரிக்கும் முன் அதன் பாரத்தை இறக்குங்கள். எதையும் பூட்டும்போது அது அசையச் சற்றே இடம் விடுங்கள். உறவுக்கும் இதுவே முறை.