ஹவ்போ

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் அடுக்கிய ஒரு பண்டகசாலையில் கணக்கு எழுதுகிறேன். ஊர் தூத்துக்குடி. வேலைக்குப் போகும் வழியில்தான் கூனன் குரிசுப் பள்ளி என்னும் தேவாலயம்.

1653 ஜனவரி 3 அன்று தோமையார் கிறிஸ்தவர்கள் இங்கே கூடினார்கள். சிலுவையைத் தொட முடியாதவர்கள் அதில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இயேசு சபையாருக்கு இனி அடங்கமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். பாரம் தாங்காமல் சிலுவை கூன்விழுந்தது என்பது வாய்வழிக் கதை. கோபம் நியாயமானது. போர்ச்சுக்கீசியர் கூட்டிய 1599 உதயம்பேரூர் சங்கத்துக்குப் பின் அவர்களுடைய சுரியானி ஏடுகள் எரிக்கப்பட்டிருந்தன. அவர்களை நாடி வந்த ஆயர் அகத்தல்லாவைப் போர்ச்சுக்கீசியர் பிடித்துவைத்தார்கள். கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்றே ஊர் நம்பியது.

இன்று இந்தப் பள்ளியின் சபையில் வழங்கும் சுரியானியில் 'ஹவ்போ' என்றால் கடன். பாவத்துக்கும் அதே சொல்தான். மன்னிப்பு 'சுப்கோனோ', பிடித்ததை விட்டுவிடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். பெரிய நோன்பின் முதல் திங்களன்று சுப்கோனோ என்ற பெயரிலேயே ஒரு வழிபாடு உண்டு. அச்சன் மக்களிடம் மன்னிப்புக் கேட்பார், மக்கள் அச்சனிடமும் ஒருவரிடம் ஒருவரும் கேட்பார்கள். கடவுளிடம் மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது.

நான் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தது நான். மீட்கவில்லை. பழி அண்ணன்மேல் விழுந்தபோது வாய் திறக்கவில்லை. அண்ணன்தான் எடுத்தான் என்று நம்பியபடியே அம்மா கண்மூடினாள்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். மன்னிப்பு கிடைத்தது, அது மெய்யான மன்னிப்பு என்று இன்றும் நம்புகிறேன். "அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் சாமியார் கேட்டார். பாவம் நீங்கினாலும் அது செய்த சேதம் தானாகச் சரியாகாது, முடிந்தவரை ஈடுசெய்ய வேண்டும் என்பது எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. நற்செய்தியில் வரும் சக்கேயு ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். கணக்கெழுதும் எனக்கு அது புரியாமல் இல்லை. இரண்டு பவுனை அண்ணனுக்கு அனுப்பிவிடலாம். அவன் சுமந்த பெயரை எதில் வைத்து அனுப்புவது?

இந்த வருடம் நோன்புத் திங்களன்று பள்ளி வாசலில் நின்றேன். உள்ளே நரைத்த தலைகள் சின்னப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தன. வெளியே வந்து போன் போட்டேன்.

"அண்ணே, அந்தச் சங்கிலியை எடுத்தது நான்."

வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா இருக்கையில சொல்லியிருக்கலாம்லடே" என்றான்.

ஆமாண்ணே என்றேன். அவன் போனை வைக்கவில்லை.